ஊழிய அழைப்பும் இறையியல் படிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயராக, அதாவது சபைப் போதகராக, பணிசெய்து ஓய்வுபெற்றவன் நான். அவற்றுள் சில ஆண்டுகள், ஊழியத்துக்கு விண்ணப்பிப்பவர்களை நேர்முகம் காணும் குழுவிலும் இருந்தேன். ஆராதனை முடிந்து ஆலய வாசலிலும், துக்க வீட்டுத் திண்ணையிலும், சில நேரம் இரவு 10 மணிக்கு மேல் தொலைபேசியிலும் இளைஞர்கள் என்னிடம் கேட்ட சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

எனக்குக் குரலும் கேட்கவில்லை, கனவும் வரவில்லை. ஆனாலும் ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று மனது சொல்லிக்கொண்டே இருக்கிறது. இது அழைப்புதானா?

இருக்கலாம். ஏசாயா ஆலயத்தில் தரிசனம் கண்டார் என்பதை நாம் எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். தீமோத்தேயு எப்படி ஊழியத்துக்கு வந்தார் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தில் வளர்ந்த அந்த வாலிபனைப் பற்றி லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் நற்சாட்சி சொன்னார்கள். அதன்பேரில் பவுல் அவரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். வானத்திலிருந்து ஒளி வந்ததாக அவ்விடத்தில் எழுதப்படவில்லை.

ஆகவே குரல் கேட்டதா என்று நான் யாரையும் கேட்பதில்லை. அந்த எண்ணம் எத்தனை நாளாக உங்களோடு இருக்கிறது, தேர்வில் தோற்றபோதும் வேலை கிடைத்தபோதும் அது போகாமல் இருந்ததா, உங்கள் சபையில் உங்களை நன்கு அறிந்தவர்கள் யாராவது நீங்கள் சொல்வதற்கு முன்பே அதைக் கவனித்தார்களா என்றுதான் கேட்பேன். அதோடு இன்னொன்றும் கேட்பேன்: ஊழியம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் முதலில் வருவது மைக்கும் மேடையுமா, அல்லது ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் போட்ட ஸ்டூலா? முதலாவது வந்தால் அழைப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வேன்.

வாலிபர் முகாமில் கண்ணீரோடு என்னை ஊழியத்துக்கு அர்ப்பணித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் அந்த அனல் இல்லை. அப்போது நடந்தது பொய்யா?

பொய் இல்லை. கடைசி நாள் இரவுக் கூட்டத்தில், பாடலும் ஜெபமும் நிறைந்த இடத்தில், நூறு பேரோடு சேர்ந்து எழுந்து நின்றபோது உண்டான உணர்வு உண்மையானது. ஆனால் உணர்வும் அழைப்பும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதால்தான் பிறகு இந்தக் குழப்பம் வருகிறது. அனல் தணிந்த பிறகு மிஞ்சுவது என்ன என்பதைப் பார்க்கவேண்டும்.

ஒருமுறை முகாமிலிருந்து நேராக என்னிடம் வந்து, நாளைக்கே கல்லூரியில் சேரவேண்டும் என்று நின்ற ஒரு தம்பியை, எங்கள் சபையில் பார்வை மங்கிப்போய்த் தனியாக இருந்த ஒரு பாட்டியின் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் போய்ச் சங்கீதம் வாசிக்கும்படி அனுப்பினேன். ஆறு மாதம் போனான். ஒரு நாள் 103-ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது அவசரத்தில் ஒரு வசனத்தை விட்டுவிட்டானாம். பாட்டி கையை உயர்த்தி அவனை நிறுத்தி, "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று தாமே சொல்லிவிட்டு, மேலே வாசி ராசா என்றாராம். வேதத்தைப் பாட்டிக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருந்தேன், அது ஏற்கெனவே அங்கே இருந்தது ஐயா என்று அவன் வந்து சொன்னான். அந்தச் சனிக்கிழமைகளில் அனல் என்று எதுவும் இல்லை என்றும், ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை என்றும் சொன்னான். அவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

நான் பிறக்கும் முன்பே அம்மா என்னை ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணிவிட்டார்கள் (நேர்ந்துவிட்டார்கள்). எனக்கு அந்த விருப்பம் இல்லை. போகாவிட்டால் சாபம் வருமா?

வராது. இந்தப் பயத்தோடு வந்தவர்கள் பலர். சிலர் இரண்டு மூன்று ஆண்டுகள் தூக்கம் கெட்டு வந்தார்கள். அன்னாள் பொருத்தனை பண்ணிச் சாமுவேலை ஆலயத்தில் விட்டதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் அந்தப் பிள்ளையைத் தனியாகப் பெயர்சொல்லிக் கூப்பிட்டார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தாயின் பொருத்தனையே போதுமானதாக இருந்திருந்தால் அந்த இரவுக்கு அவசியம் இருந்திருக்காது.

அம்மாவை அவமதிக்காமல் பேசுங்கள். பெரும்பாலும் அந்தப் பொருத்தனைக்குப் பின்னால் ஒரு கடினமான பிரசவமோ, இறந்துபோன ஒரு மூத்த பிள்ளையோ இருக்கும். உங்களைப் பெற்றுக்கொண்டதற்கான நன்றி அது. தாதியாகவோ ஆசிரியராகவோ நேர்மையாக வாழ்வதும் அந்த நன்றிக்கு உரியதுதான் என்று ஆயர் ஒருவரை வைத்துப் பேசினால், அநேகத் தாய்மார்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அழைப்பு இருந்தால் போதாதா? பேதுருவும் யோவானும் எந்த இறையியல் கல்லூரியில் படித்தார்கள்?

மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் ஆண்டவரோடு நடந்து, கேட்டு, தவறாகப் புரிந்துகொண்டு, திருத்தப்பட்டார்கள். அதைவிட நீண்ட வகுப்பு எது? பவுல் யூத வேத அறிஞர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். படிப்பு ஊழியத்தைத் தாமதப்படுத்துகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது, படிக்கிற காலமும் ஊழியத்தின் காலமே என்பதுதான்.

நம் மண்ணில் இது பழைய வழக்கம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே எண்ணினார். அங்கே 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைப் போதகர். அதற்குமுன் அவர் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் பெறாத போதிப்பவராக, ஊர் ஊராக நடந்து உழைத்தவர். அழைப்பு, பயிற்சி, அனுபவம், பிறகே குருப்பட்டம் என்ற வரிசை ஏறக்குறைய 300 ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது.

பி.டி. என்கிறார்கள், பி.டிஎச். என்கிறார்கள், வேதாகமப் பள்ளி என்கிறார்கள். எனக்கு எது? எங்கே படிப்பது?

பி.டி. என்பது இறையியலில் முறையான முதல் பட்டம். பட்டதாரிகளுக்குப் பொதுவாக 4 ஆண்டுகள். பெரிய திருச்சபைகளில் ஆயராக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் படிக்கிறார்கள். பி.டிஎச். என்பதும் இறையியல் பட்டமே; அது பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கென்று வந்தது. வேதாகமப் பள்ளிகளின் ஓராண்டு, ஈராண்டுப் பயிற்சிகள் சுவிசேஷகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் மிகவும் உதவும். ஆனால் அவற்றை வைத்துப் பிறகு பி.டி.க்கு நிகர் என்று கோரமுடியாது.

தமிழிலேயே படிக்க விரும்பினால், தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் சேர்ந்து 1969-இல் உருவாக்கிய மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியை முதலில் சொல்வேன். எந்த மொழியில் ஜெபிக்கிறோமோ, எந்த மொழியில் துக்க வீட்டில் ஆறுதல் சொல்லப்போகிறோமோ, அந்த மொழியிலேயே இறையியலைச் சிந்திக்கப் பழகுவது எவ்வளவு பெரிய பலம் என்பது சபைக்குப் போன முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியும் உள்ளன. இலங்கைத் தமிழர்களுக்குப் பிலிமத்தலாவையில் 1963-இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே சிங்கள மாணவர்களும் தமிழ் மாணவர்களும் தத்தம் மொழியில் ஒரே வளாகத்தில் படிக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் சேருவதற்கு முன்பும், அந்தப் பட்டத்தை உங்கள் சபை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செராம்பூர் பட்டம் என்கிறார்களே, அது என்ன? அரசு வேலைக்குச் செல்லுமா? ஆறே மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறவர்களும் இருக்கிறார்களே?

வங்காளத்தில் செராம்பூர் அப்போது டேனிஷ்காரர்களின் குடியேற்றம். ஆங்கிலேய மிஷனெரிகளான வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் அங்கே 1818-இல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள்; டென்மார்க் அரசர் 1827-இல் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகத் தந்தார்; வங்காளச் சட்டமன்றம் 1918-இல் இயற்றிய சட்டம் அதை உறுதிசெய்தது. அந்தக் கல்லூரியின் கல்விப் பேரவையான செனட்தான் இன்று நாடெங்கும் இணைந்துள்ள இறையியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் தருகிறது. மேலே சொன்ன கல்லூரிகளின் பி.டி.யும் இதுவே. ஆசிய இறையியல் சங்கம் தரும் அங்கீகாரம் வேறு. அது இறையியல் கல்லூரிகள் தங்களுக்குள் தரத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு.

அரசு வேலையை மனதில் வைத்து பி.டி.யில் சேராதீர்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போக நினைத்தால், அந்தப் பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டிக் கேளுங்கள். குருப்பட்டம் வேண்டாம், கிறிஸ்தவத்தை ஆழமாகப் படித்தால் போதும் என்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறை போன்ற வழிகள் உள்ளன. பணம் கட்டியதும் அங்கி போர்த்தி மேடையில் தரப்படும் டாக்டர் பட்டத்தை வாங்காதீர்கள். சபைக்குமுன் நின்று சத்தியத்தைப் பேசப்போகிறவர் தம் பெயருக்கு முன்னாலேயே ஒரு பொய்யை எழுதிக்கொள்வது எனக்குத் தாங்கமுடியாத வேதனை.

சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக வேண்டுமானால் நடைமுறை என்ன?

திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி. திருமண்டலத்துக்குத் திருமண்டலம் வயது வரம்பும் நிபந்தனைகளும் மாறும். வழி ஏறக்குறைய இதுதான். முதலில் உங்கள் சேகரத்து (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) ஆயரிடம் பேசவேண்டும். சேகரக் கமிட்டியின் பரிந்துரை வேண்டும். பிறகு திருமண்டல அளவில் எழுத்துத் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை ஆகியவை இருக்கும். தெரிவானவர்களைப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் கிராமச் சபைகளில் ஊழியராக வைத்துப் பார்த்த பிறகே கல்லூரிக்கு அனுப்புவார்கள். படிப்பு முடிந்து தகுதிகாண் காலம், பிறகு டீக்கன் (உதவி குரு) அபிஷேகம், அதன்பின் பிரஸ்பிட்டர் (முழுக் குரு) அபிஷேகம். திருவிருந்தை நடத்தும் பொறுப்பு பிரஸ்பிட்டரான பிறகுதான் வரும். இவ்வளவுக்கும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு பேர் பார்க்கவேண்டும், தேவன் அழைத்தது என்னை அல்லவா என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தியோகியாவில் ஆவியானவர் பர்னபாவையும் சவுலாகிய பவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி சொன்னது, உபவாசித்துக் கூடியிருந்த சபையிடம். அபிஷேக ஆராதனையிலும் பேராயர் சபையாரைப் பார்த்துக் கேட்பார். அவர்கள் மறுமொழி சொன்ன பிறகே கைகளை வைப்பார். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நற்சாட்சி, சபை நடைமுறையாக மாறி நிற்கும் இடம் இது.

கமிட்டி என்னைத் தெரிவுசெய்யவில்லை. அப்படியானால் எனக்கு அழைப்பு இல்லையா? அங்கே சிபாரிசுதானே வேலை செய்கிறது?

சிபாரிசே கிடையாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். தகுதியான ஒருவரை நாங்கள் விட்டுவிட்டோம் என்று பின்னால் உணர்ந்து வருந்திய நாட்களும் எனக்கு உண்டு. குழு என்பது மனிதர்களால் ஆனது. அதன் முடிவு தேவனுடைய முடிவு என்று எவரும் சொல்லக்கூடாது.

ஆனாலும் மறுக்கப்பட்டவர்கள் எல்லாரும் அநியாயமாக மறுக்கப்பட்டவர்கள் அல்லர். காரணத்தைப் பணிவோடு கேளுங்கள். வயது குறைவு, அனுபவம் போதாது என்றால் அடுத்த முறை வரலாம். கோபம், பணவிஷயம், குடும்ப உறவு குறித்துச் சொன்னார்களானால், அதை உங்களை நேசிக்கும் ஒருவரிடம் சொல்லி, உண்மையா என்று கேளுங்கள். மறுக்கப்பட்ட மறுவாரமே மாடியில் கொட்டகை போட்டுத் தனிச் சபை தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவர்களில் சிலர் நன்றாக ஊழியம் செய்கிறார்கள், ஆனால் தம்மைத் திருத்தக்கூடிய ஒருவரும் அருகில் இல்லாத தனிமையில் உடைந்துபோனவர்கள் அதைவிட அதிகம்.

இறையியல் கல்லூரியில் வேதத்தை விமர்சித்து, இருக்கிற விசுவாசத்தையும் கெடுத்துவிடுவார்கள் என்கிறார்களே?

எனக்கு அதிகமாக வந்த கேள்வி இதுதான். விசுவாசம் அசையும் என்பது உண்மை. அதை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புவது சரியல்ல. முதல் ஆண்டிலேயே ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களும் படைப்பை வெவ்வேறு வரிசையில் சொல்வதைக் காட்டுவார்கள். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சீனாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை என்பதைச் சொல்வார்கள். சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த வசனங்களைப் பற்றி அப்படிக் கேட்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். எனக்கும் செய்தது. விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்த இரவு எனக்கு நினைவிருக்கிறது.

அதே படிப்புதான் என்னை மீட்டும் எடுத்தது. யோவான் 21-ஆம் அதிகாரத்தை கிரேக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தோம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் முதல் இரண்டு முறை ஒரு வினைச்சொல்லில் கேட்கிறார். பேதுரு வேறொரு வினைச்சொல்லில் பதில் சொல்கிறார். மூன்றாம் முறை ஆண்டவர் பேதுருவின் சொல்லையே எடுத்துக்கொண்டு கேட்கிறார். அறைக்கு ஓடிப்போய் என் தமிழ் வேதாகமத்தைத் திறந்தேன். "அன்பாயிருக்கிறாயா" என்று இரண்டு முறை, மூன்றாம் முறை "நேசிக்கிறாயா" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த வேறுபாடு அப்படியே இருந்தது. நூறு தடவை வாசித்த பகுதி. அந்தச் சொல் மாற்றத்துக்கு ஆழமான பொருள் உண்டா, அது நடை அழகு மட்டுமா என்பதில் அறிஞர்கள் இன்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கோ, நமக்கு வேதத்தைத் தமிழில் தந்தவர்கள் ஒரு சொல்லைக்கூட அலட்சியமாகக் கடக்கவில்லை என்பதே அழுகையை வரவழைத்தது.

படிக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: வகுப்பில் கேட்டதை அன்றைக்கே ஜெபத்துக்கும் கொண்டுபோங்கள். மூத்த மாணவர் ஒருவரோடும் பேராசிரியர் ஒருவரோடும் மனம்விட்டுப் பேசுங்கள். வார இறுதியில் சபைக்கு அனுப்புவார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சந்தேகத்தோடு இருப்பவரிடமும் சபையார் ஜெபிக்கச் சொல்வார்கள், அப்போது ஜெபித்தே ஆகவேண்டும்.

நான் பெண். எங்கள் ஊரில் பெண் ஆயரை யாரும் பார்த்ததில்லை. படித்துவிட்டு என்ன செய்வேன்?

தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் 2013-இல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆகவே வாசல் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்குச் சபைச் சட்டத்தில் பதில் உண்டு. ஆனால் சில சபைகளும் சில தனிச் சபை மரபுகளும் பெண்களை இன்னும் ஏற்பதில்லை. நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து, படிப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏற்கும் சபையிலும் பாதை கரடுமுரடானதுதான். திருமணமானதும் ஊழியத்தை விட்டுவிடுவீர்களா என்று ஆண்களிடம் கேட்காத கேள்வியை உங்களிடம் கேட்பார்கள். பிரசவ வார்டிலும், கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணின் முன்னாலும், ஆண் ஆயராகிய நான் வாசலோடு நின்றுவிட வேண்டியிருந்த இடங்களை நினைக்கும்போது, உங்களைப் போன்றவர்கள் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும். வாருங்கள்.

எனக்கு 38 வயது, வேலையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றன. காலம் கடந்துவிட்டதா?

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, வாலிப கிறிஸ்தவ சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்து, 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவராக உழைத்து, 1909-இல் 35-ஆம் வயதில்தான் குருப்பட்டம் பெற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் குருவாவதற்கு முன்பு செய்தது ஊழியம் இல்லை என்று யாரால் சொல்லமுடியும்?

திருமண்டலத்தின் வயது வரம்பைக் கேட்டுப் பாருங்கள். அது கடந்திருந்தாலும், செராம்பூர் செனட்டின் அஞ்சல்வழி கிறிஸ்தவ ஆய்வுப் பட்டயமும் பட்டமும், பெங்களூரிலிருந்து டாஃப்டி என்ற அமைப்பு வீட்டிலிருந்தே படிக்கும்படி நடத்தும் விரிவாக்கப் பயிற்சியும் வேலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ளவை. வேலையை விடும் முடிவை மனைவியோ கணவரோ முழுமனதோடு சம்மதிக்காமல் எடுக்காதீர்கள். பவுல் கூடாரம் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்தவர்.

ஊழியத்துக்குப் போனால் குடும்பத்தை எப்படி நடத்துவது? வீட்டில் கடன் இருக்கிறது.

திருமண்டல ஆயர்களுக்கு மாதச் சம்பளமும் குடியிருக்க வீடும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றமும் உண்டு. பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை இரண்டையும் அந்த இடமாற்றம் பாதிக்கும் என்பதைத் திருமணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். தனிச் சபை ஊழியர்கள் காணிக்கையை நம்பி வாழ்கிறார்கள். வீட்டுக் கடன் உங்கள் பெயரில் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். கடனோடு வந்த ஊழியர் காணிக்கைப் பையை எப்படிப் பார்க்க நேரிடும் என்பதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் பக்கம் சபைக்குள்ளும் சாதி பார்க்கிறார்கள். நான் ஆயராகப் போனால் ஏற்றுக்கொள்வார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டான். சபையில் சாதி வேற்றுமையை அறவே கைவிடவேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கட்டளை அனுப்பினார். அதை எதிர்த்துச் சபையை விட்டே போனவர்கள் அன்று இருந்தார்கள். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் கழிந்தும் ஒரு பிள்ளை இப்படிக் கேட்கவேண்டியிருக்கிறது என்பது நம் சபையின் பாவம். சில இடங்களில் உங்களை ஏற்கத் தயங்குவார்கள். வீட்டுக்கு அழைத்து ஜெபிக்கச் சொல்வார்கள், சாப்பிடச் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் தனியாக இல்லை என்பதை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். இறையியலாளர் அரவிந்த் நிர்மல் 1980-களில் முன்வைத்த தலித் இறையியல் குருகுல் கல்லூரியில் தனித் துறையாகவே வளர்ந்தது. அரசரடியில் பணிசெய்த தியோபிலஸ் அப்பாவு, ஒதுக்கப்பட்ட மக்களின் நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டை அமைத்துக் காட்டினார். எந்தப் பறை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதோ அதே பறைக்கு ஆலயத்துக்குள் இடம் கேட்ட தலைமுறை அது. அந்தத் தம்பி இன்று ஆயராக இருக்கிறார்.

நான் கத்தோலிக்கன். எனக்கும் இதே வழியா?

இல்லை. உங்கள் பங்குத்தந்தையிடமும், மறைமாவட்டத்தின் இறையழைத்தல் பணிக்குழுவிடமும் பேசுங்கள். இளங்குருமடம், மெய்யியல், களப்பணி, இறையியல் என்று பத்தாண்டு அளவிலான உருவாக்கம் அது. பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரி அதற்குப் பெயர்பெற்றது. மணத்துறவு அங்கே நிபந்தனை என்பதால், அதைப் பற்றி வழிகாட்டும் தந்தையிடம் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசவேண்டும். முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் சொன்னவை உங்களுக்கும் பொருந்தும்.

பாதிப் படிப்பில் இருக்கிறேன். எனக்கு அழைப்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சபையும் வீடும் செலவழித்துவிட்டார்கள். எப்படித் திரும்புவது?

முதலில், இது படிப்பின் அசைவா, அழைப்பின் மாற்றமா என்று பாருங்கள். விசுவாசம் கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு நான் எழுதியதை இன்னொருமுறை வாசியுங்கள். பரீட்சைக் காலத்திலும், வீட்டில் துக்கம் நடந்த மாதத்திலும் முடிவெடுக்காதீர்கள். விடுமுறையில் ஒரு கிராமச் சபையில் தங்கிப் பணிசெய்து பாருங்கள்.

அதன் பிறகும் அதே எண்ணம் தெளிவாக நின்றால், உங்களை அனுப்பிய ஆயரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், கடிதத்தில் வேண்டாம். செலவைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒப்பந்தம் சில திருமண்டலங்களில் உண்டு, தவணை கேட்கலாம். வீட்டில் சொல்ல உங்கள் ஆயரையே உடன் அழைத்துப் போங்கள். என்னிடம் அப்படி ஒரு மாணவர் வந்தபோது, அவருடைய அப்பாவின் முன்னால் நான்தான் பேசினேன். அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு எழுந்து உள்ளே போய் மகனுக்கும் சேர்த்துக் காப்பி போடச் சொன்னார். அந்த மாணவர் இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியர். ஞாயிறு பள்ளியில் பெரிய வகுப்பு அவருடையது.